காகிதம் ஆட வேண்டும்

பெய்ஜிங்கில் சீன மொழி படித்துவிட்டு, இப்போது ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஆலைகளில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் வாசகி இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகள் செப்டம்பரில் பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடப் படிப்பில் சேர்கிறாள். சீனத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. முதல் நாளே திணறிவிடுவாளோ? – ஒரு தாய், ஈரோடு

பதில்: ஒன்றுமே தெரியாதவர்களுக்கென்று தனி வகுப்பு இருக்கிறது, அம்மா. வெளிநாட்டவருக்குச் சீனம் சொல்லித் தருவதற்காகவே 1962-ல் ஆரம்பித்த இடம் அது. ‘குட்டி ஐ.நா. சபை’ என்றுதான் ஊரே சொல்லும். ஓரளவு தெரிந்து வருகிறவர்களுக்குத்தான் தரம் பிரிக்கும் தேர்வு.

முதல் நாள் முழுக்கப் பதிவு, வரிசை, கையெழுத்து. பாஸ்போர்ட், சேர்க்கைக் கடிதம், விசாவுக்குக் காட்டிய ஜேடபிள்யூ படிவம், மருத்துவப் பரிசோதனைச் சான்று, போட்டோக்கள் எல்லாம் ஒரே உறையில், கைப்பையில் இருக்கட்டும். நீண்ட காலப் படிப்புக்கான எக்ஸ்-1 விசாவில் போகிறவர்கள் நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விடுதியில் இல்லாமல் வெளியே வீடெடுத்துத் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவும் செய்ய வேண்டும்.

நம்மவர்கள் மாட்டுவது பெயரில். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் கவுன்ட்டரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். வகுப்பில் ஆசிரியர் ஒரு சீனப் பெயர் வைப்பார். அதில் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். அப்பா பெயரின் இனிஷியலை முன்னால் போட்டுப் பழகிய நமக்கு இதில் குழப்பமே இல்லை.

இன்னொன்று, அங்கே வாட்ஸ்அப் வேலை செய்யாது. வீசாட் என்கிற சீனச் செயலியை உங்கள் போனிலும் அவள் போனிலும் இங்கேயே போட்டுப் பேசிப் பாருங்கள். வகுப்புக் குழுவும் அதில்தான். அவள் காலை எட்டு மணி வகுப்பில் உட்காரும்போது ஈரோட்டில் ஐந்தரை. அதனால் காலை காபி நேரத்தில் கூப்பிடாதீர்கள், எடுக்க மாட்டாள்.

கேள்வி: யூடியூப் பார்த்துப் பின்யின் படிக்கிறேன். நான் சொல்வது சீன நண்பருக்குப் புரியவே இல்லை. தமிழர்களுக்கு இந்த மொழி வராதா? – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: நன்றாக வரும், தம்பி. பின்யின் என்பது சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை; அதை ஆங்கிலமாக வாசிப்பதை மட்டும் விடுங்கள்.

என் முதல் வகுப்பில் ஆசிரியை ஒரு காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் தொங்கவிட்டுப் பின்யினின் b எழுத்தைச் சொன்னார். காகிதம் அசையவில்லை. அடுத்து p எழுத்தைச் சொன்னார். காகிதம் படபடத்தது. பிறகு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். பக்கத்தில் இருந்த ரஷ்யப் பையனுடையது கடைசிவரை ஆடவே இல்லை. காகிதம் ஆடாத b நமக்குக் கைவந்தது: ‘பல்’ என்னும்போது வருகிற ப-தான் அது. பின்யினின் g-க்கு ‘கல்’லின் க-வும் அப்படியே. ஆங்கிலக்காரர்கள் மாதிரி அதை அதிர வைக்க வேண்டாம். மூச்சைத் தள்ளிச் சொல்லும் p மாதிரி எழுத்துதான் நமக்குப் புதிது. அதற்குக் கண்ணாடி முன் காகிதத்தோடு உட்காருங்கள், கூச்சப்படாமல்.

அப்புறம் நம்முடைய ழ! ஆங்கில ‘ஆர்’ போட்டு எழுதும் சீன ஒலி அதற்கு மிக நெருக்கம். அவர்கள் பணத்தை ‘ரென்மின்பி’ என்பதைவிட ‘ழென்மின்பி’ என்று சொல்லுங்கள், உடனே புரியும். வாழைப்பழத்தை வாளப்பளம் என்கிற வழக்கம் இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

தொனியில், அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கத்தில், நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. சந்தேகம் வந்தால் சொல்லின் முடிவை மேலே இழுப்போம், ‘சரியா?’ என்கிற மாதிரி. சீனத்தில் அப்படி இழுத்தால் அது இரண்டாம் தொனி, வேறு சொல் ஆகிவிடும். தப்போ சரியோ, உறுதியாகச் சொல்லுங்கள். ‘மாய்’ என்பதைத் தாழ்த்தி மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குவது, வெட்டி இறக்கி நான்காம் தொனியில் சொன்னால் விற்பது. இயந்திரம் விலை பேசும் மேஜையில் இதில் தடுமாறுகிறவரை யாரும் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். மாப்போ டோஃபு என்கிற காரமான சோயாக் கட்டிக் குழம்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், பெரும்பாலும் கொத்துக்கறி போட்டிருப்பார்கள். கத்தரிக்காயிலும் அப்படி வரும். வினிகர் விட்டு வதக்கிய உருளைக்கிழங்குச் சீவல் நம்பிச் சாப்பிடலாம். முட்டை உண்டென்றால் தக்காளி–முட்டை. குடிக்க எங்கும் வெந்நீர், அதில் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பரம திருப்தி. ஊறுகாய்க்குப் பெட்டியில் இடம் வையுங்கள். ஒரு நல்ல ஸ்வெட்டரும் வேண்டும்: பெய்ஜிங்கில் கட்டடங்களுக்கு வெப்பம் விடுவது வழக்கமாக நவம்பர் 15-ல்தான், குளிர் அதற்கு முன்பே வந்துவிடும்.