தயாராக இருக்கும் த்ரெட்டுக்கு சிபியு கிடைக்க ஏன் தாமதமாகிறது, அதை எப்படி அளப்பது?

கேள்வி: லினக்ஸ் சர்வர் ஒன்றில் சிபியு பயன்பாடு பாதியைக்கூட எட்டுவதில்லை. இருந்தும் சில கோரிக்கைகளுக்கு மட்டும் பதில் பல மில்லி விநாடிகள் தாமதமாக வருகிறது. எந்த த்ரெட் எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் கெர்னல் பகுதியான ஷெட்யூலரில்தான் நேரம் போகிறதா என்பதை எப்படி அளந்து உறுதி செய்வது? அளக்கும் கருவியே வேகத்தைக் கெடுத்துவிடாதா?

பதில்:

ஒரு த்ரெட், அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத் தொடர், எந்த நேரத்திலும் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும். சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும்; எதற்காகவோ காத்துத் தூங்கிக்கொண்டிருக்கும்; அல்லது ஓடுவதற்கு முழுத் தயாராக இருந்தும் தன் முறை வராமல் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். இந்த மூன்றாவது நிலையில் கழியும் நேரத்தைத்தான் ஷெட்யூலிங் தாமதம் என்கிறோம். சிபியு பயன்பாட்டுச் சதவீதம் இதைப் பற்றி எதுவுமே சொல்லாது. ஒரு விநாடியில் முதல் 500 மில்லி விநாடிகள் எல்லா கோர்களும் நிரம்பி வழிந்து, அடுத்த 500 மில்லி விநாடிகள் வெறுமையாகக் கிடந்தாலும், அந்த விநாடிக்கான பயன்பாடு 50 சதவீதம் என்றே காட்டப்படும். ஆகவே பாதிகூட எட்டவில்லை என்ற உங்கள் கவனிப்பை வைத்துக்கொண்டு ஷெட்யூலரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டாம்.

அந்த வரிசைக்கு இரண்டு வாசல்கள் உண்டு. தூங்கிக்கொண்டிருந்த த்ரெட்டை யாரோ எழுப்பும்போது அது வரிசைக்கு வருவது ஒன்று. ஓடிக்கொண்டிருந்த த்ரெட்டை, அதன் வேலை முடியாத நிலையிலேயே, ஷெட்யூலர் சிபியுவிலிருந்து இறக்கி மீண்டும் வரிசையில் நிறுத்துவது இன்னொன்று. பெரும்பாலான அறிமுகக் குறிப்புகள் முதல் வாசலை மட்டுமே விளக்குகின்றன. இரண்டாவதை நான் கவனிக்காமல் விட்டதால் பல நாட்களை இழந்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். உங்களுடையதைப் போலவே, கோரிக்கைகளை வாங்கிப் பதில் தரும் ஒரு சேவை; 8 வேலை த்ரெட்டுகள்; சராசரியில் எல்லாம் நலம், ஆனால் அவ்வப்போது ஒரு பதில் மட்டும் வெகுநேரம் தேங்கிப் போகும். கெர்னலில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு டிரேஸ்பாயின்ட்டுகளை (குறிப்பிட்ட நிகழ்வு நடக்கும்போது அதைப் பதியும் இடங்களை), அதாவது த்ரெட் எழுப்பப்படும் கணத்தைப் பதியும் 'ஷெட் வேக்கப்' என்பதையும், சிபியு ஒரு த்ரெட்டை விட்டு இன்னொன்றுக்கு மாறும் கணத்தைப் பதியும் 'ஷெட் ஸ்விட்ச்' என்பதையும் இயக்கி, ஒவ்வொரு எழுப்புதலையும் அதே த்ரெட் அடுத்ததாகச் சிபியுவில் ஏறிய கணத்தோடு பொருத்தி, இரண்டுக்கும் இடையிலான நேரத்தைக் கணக்கிடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். அதிகபட்ச மதிப்பே ஒரு மில்லி விநாடிக்குள் இருந்தது. ஷெட்யூலரில் பிழை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தரவுத்தளத்திலும் நெட்வொர்க்கிலும் தேட ஆரம்பித்தேன். அந்த முடிவு முழுக்கத் தவறு.

தவறைக் காட்டிக்கொடுத்தது ஒரு சின்னக் கோப்பு. கெர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் அடைவில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் 'ஷெட்ஸ்டாட்' என்றொரு கோப்பு உண்டு. அதில் மூன்றே எண்கள் இருக்கும். முதலாவது அந்த த்ரெட் சிபியுவில் ஓடிய நேரம், இரண்டாவது அது வரிசையில் காத்திருந்த நேரம், மூன்றாவது அது எத்தனை முறை சிபியுவில் ஏறியது என்ற எண்ணிக்கை. முதல் இரண்டும் நானோ விநாடிகளில் இருக்கும். பத்து விநாடி இடைவெளியில் இரண்டு முறை படித்துக் கழித்துப் பார்த்தாலே, அந்தப் பத்து விநாடிகளில் காத்திருப்புக்கு எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும். டிரேஸ் எதுவும் வேண்டாம், செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிராசஸ் எண்ணின் கீழ் நேரடியாக இருக்கும் ஷெட்ஸ்டாட் முதன்மை த்ரெட்டுக்கு மட்டுமே உரியது. வேலை த்ரெட்டுகளின் எண்களைப் பார்க்க, அதற்குள் இருக்கும் 'டாஸ்க்' உள்ளடைவில் ஒவ்வொரு த்ரெட்டாகத் திறந்து படிக்க வேண்டும். நான் அப்படிப் படித்தபோது, இரண்டாவது எண் என் ஸ்கிரிப்ட்டின் மொத்தக் கூட்டுத்தொகையைப் போலப் பல மடங்கு இருந்தது. ஒரே விஷயத்தை அளக்கும் இரண்டு வழிகள் இவ்வளவு முரண்பட்டால், ஒன்று வேறு எதையோ அளக்கிறது என்றுதான் பொருள்.

பிறகுதான் பதிவின் மூல வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒவ்வொரு ஷெட் ஸ்விட்ச் வரியிலும், சிபியுவை விட்டு இறங்கும் த்ரெட்டின் பெயர், இறங்கும்போது அது இருந்த நிலை, அடுத்து ஏறும் த்ரெட்டின் பெயர் ஆகியவை இருக்கும். நிலை 'எஸ்' என்றால் அது தானாகத் தூங்கப் போகிறது. 'டி' என்றால் டிஸ்க் போன்ற ஏதோ ஒன்றுக்காக இடைமறிக்க முடியாதபடி காத்திருக்கிறது. 'ஆர்' என்றால் அது இன்னும் ஓட விரும்புகிறது, ஆனால் இறக்கப்பட்டிருக்கிறது. என் வேலை த்ரெட் 'ஆர்' நிலையில் இறங்குகிறது. அதே வரியில் அடுத்து ஏறுவது 'ஸ்வாப்பர்', அதாவது வேறு வேலை எதுவும் இல்லாதபோது மட்டும் ஓடும் ஐடில் த்ரெட். ஓடத் தயாராக ஒரு த்ரெட் நிற்கிறது, சிபியுவும் சும்மா இருக்கிறது, இருந்தும் இரண்டும் சேரவில்லை. ஏறத்தாழ 75 மில்லி விநாடிகள் கழித்து, நடுவில் எழுப்புதல் வரி ஒன்றுகூட இல்லாமல், அதே த்ரெட் மீண்டும் ஏறுகிறது. எழுப்புதலிலிருந்து மட்டுமே எண்ணத் தொடங்கிய என் ஸ்கிரிப்ட் இந்த 75 மில்லி விநாடிகளைப் பார்க்கவே இல்லை.

ஆர் நிலையில் இறங்கி, அடுத்து ஸ்வாப்பர் ஏறும் வரியைக் கண்டால், முதலில் சி குரூப்பின் (பிராசஸ்களைக் குழுவாக்கி வரம்பு வைக்கும் கெர்னல் வசதியின்) சிபியு கோட்டாவை, அதாவது குழுவுக்கான சிபியு நேர வரம்பைச் சந்தேகியுங்கள். கண்டெய்னர்களுக்கு இந்த வரம்பு பெரும்பாலும் 100 மில்லி விநாடிச் சுற்றுகளாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டு சிபியு என்று வரம்பு வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குழுவின் எல்லா த்ரெட்டுகளும் சேர்ந்து 200 மில்லி விநாடிகள் மட்டுமே ஓடலாம். 8 த்ரெட்டுகளும் ஒரே நேரத்தில் வேலை பார்த்தால் 25 மில்லி விநாடிகளில் அந்தப் பங்கு தீர்ந்துவிடும். மீதி 75 மில்லி விநாடிகளுக்கு, எத்தனை கோர்கள் காலியாக இருந்தாலும், குழு முழுவதும் நிறுத்தி வைக்கப்படும். இதை உறுதிப்படுத்த அந்த சி குரூப் அடைவிலுள்ள 'சிபியு ஸ்டாட்' கோப்பைத் திறந்து, எத்தனை சுற்றுகளில் நிறுத்தப்பட்டது, மொத்தம் எத்தனை மைக்ரோ விநாடிகள் நிறுத்தப்பட்டது என்ற இரண்டு எண்களும் உயர்கின்றனவா என்று பாருங்கள். என்னிடம் இரண்டும் ஓயாமல் உயர்ந்துகொண்டிருந்தன. வேலை த்ரெட்டுகளின் எண்ணிக்கையைக் கோட்டாவுக்கு ஏற்பக் குறைத்ததும் அந்த நீண்ட இடைவெளிகள் பதிவிலிருந்து மறைந்தன.

ஆகவே சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுவதானால், ஒரு த்ரெட்டின் காத்திருப்பு தொடங்கும் கணமாக எழுப்புதலையும், ஆர் நிலையில் இறங்குவதையும், இரண்டையுமே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத விருப்பமில்லை என்றால் தயார்க் கருவிகள் உண்டு; லினக்ஸின் செயல்திறன் அளக்கும் கருவியான பெர்ஃப் அவற்றில் ஒன்று. 'பெர்ஃப் ஷெட் ரெக்கார்ட்' என்று சில விநாடிகள் பதிந்து, 'பெர்ஃப் ஷெட் லேட்டன்சி' என்று கேட்டால், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் சராசரித் தாமதம், அதிகபட்சத் தாமதம், அந்த அதிகபட்சம் நிகழ்ந்த நேரம் ஆகியவை அட்டவணையாக வரும். அதே பதிவை 'பெர்ஃப் ஷெட் டைம்ஹிஸ்ட்' கொண்டு திறந்தால் ஒவ்வொரு மாற்றமும் தனித்தனி வரியாகக் கிடைக்கும். நான் எப்போதும் முதலில் அட்டவணையில் அதிகபட்சத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு டைம்ஹிஸ்ட்டில் அந்த நேரத்தைச் சுற்றிய வரிகளை மட்டும் படிப்பேன். தாமதம் எவ்வளவு என்பதைவிட, அந்த இடைவெளியில் அந்தச் சிபியுவில் யார் ஓடினார்கள் என்பதே சிக்கலை அவிழ்க்கும். அங்கே வேறொரு சேவையின் த்ரெட் ஓடினால் அது போட்டி. அதே நேரத்தில் பக்கத்துக் கோர் காலியாக இருந்தால், த்ரெட்டைக் குறிப்பிட்ட கோரில் கட்டிவைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஸ்வாப்பர் என்றால் மேலே சொன்ன கோட்டா.

சராசரியை நம்ப வேண்டாம். 10,000 காத்திருப்புகள் தலா 5 மைக்ரோ விநாடி, ஒரே ஒரு காத்திருப்பு 75 மில்லி விநாடி என்றால், சராசரி 12.5 மைக்ரோ விநாடிதான் வரும். அதைப் பார்த்து யாரும் கவலைப்பட மாட்டார்கள். பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வேண்டும். கெர்னலுக்குள் சிறு நிரல்களைப் பாதுகாப்பாக ஓட்டும் ஈபிபிஎஃப் வசதியின் அடிப்படையிலான 'ரன்க்யூலேட்' என்ற கருவி அதைத்தான் செய்கிறது. ஆர் நிலையில் இறக்கப்பட்டவற்றையும் அது கணக்கில் சேர்ப்பதால் என் தவறு அதில் நேராது. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய காத்திருப்புகளை மட்டும் பெயரோடு அச்சிட 'ரன்க்யூஸ்லோவர்' உண்டு. எல்லை எதுவும் கொடுக்காவிட்டால் 10 மில்லி விநாடியை எடுத்துக்கொள்ளும். நீண்ட நேரம் காத்திருந்து அரிதான நிகழ்வைப் பிடிக்க இதுவே எனக்குப் பிடித்த வழி.

மைக்ரோ விநாடி அளவில் துல்லியம் தேவைப்பட்டால் இன்னும் சில விஷயங்கள் குறுக்கே வரும். எழுப்புதலுக்கு உண்மையில் இரண்டு டிரேஸ்பாயின்ட்டுகள் உள்ளன: எழுப்புபவரின் பக்கத்தில் பதியும் 'ஷெட் வேக்கிங்' ஒன்று, த்ரெட் உண்மையாகவே ஓடத்தக்க நிலைக்கு வந்தபின் பதியும் 'ஷெட் வேக்கப்' இன்னொன்று. இன்னொரு சிபியுவிலுள்ள த்ரெட்டை எழுப்பும்போது இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கலாம். அந்தச் சிபியு ஆழ்ந்த ஐடில் நிலையிலிருந்து வெளிவரும் நேரமும் அதற்குள் மறைந்திருக்கலாம். முழுத் தாமதம் வேண்டுமானால் வேக்கிங்கிலிருந்து எண்ணுங்கள். கெர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரேஸ் வசதியான எஃப்டிரேஸில் இயல்பாக இருக்கும் 'லோக்கல்' கடிகாரம் சிபியுக்களுக்கு இடையே ஒத்திருக்கும் என்ற உறுதி இல்லை. எழுப்புதல் ஒரு சிபியுவிலும் ஏறுதல் இன்னொன்றிலும் பதியும்போது விடை எதிர்ம எண்ணாகக்கூட வரலாம். அப்படி வந்தால் 'குளோபல்' அல்லது 'மோனோ' கடிகாரத்துக்கு மாற்றுங்கள். நிகழ்நேர அமைப்புகளில் தாமதத்தை அளக்க 'சைக்ளிக்டெஸ்ட்' என்ற கருவி நெடுங்காலமாக இருக்கிறது. 2021இல் வந்த 5.14 கெர்னலில் சேர்ந்த 'டைமர்லாட்' டிரேசர், டைமர் இன்டரப்ட் வரத் தாமதமானதையும் அதன்பின் த்ரெட் ஏறத் தாமதமானதையும் தனித்தனியாகப் பிரித்துத் தருவதால், புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்து அளப்பவர்கள் 'ஸ்டீல்' நேரத்தையும், அதாவது ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) சிபியு தராமல் காக்கவைத்த நேரத்தையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹைப்பர்வைசர் உங்கள் சிபியுவையே நிறுத்தி வைத்திருந்தால், உள்ளே எடுத்த பதிவில் த்ரெட் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்ததாகவே தெரியும்.

கருவியே வேகத்தைக் கெடுக்காதா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை, கெடுக்கும் என்பதே. எவ்வளவு என்பதுதான் கருவிக்குக் கருவி மாறுகிறது. சுறுசுறுப்பான சர்வரில் ஷெட் ஸ்விட்ச் விநாடிக்குப் பல்லாயிரம் முறை நிகழும். பெர்ஃப் அவை அனைத்தையும் கோப்பில் எழுதுகிறது. எழுதுவதற்காக அதுவே எழுந்து சிபியு கேட்கிறது. அதன் பெயரையே உங்கள் பதிவில் காண்பீர்கள். ஆகவே பத்து விநாடிகளுக்கு மேல் பதியாதீர்கள், சேவை எழுதும் அதே டிஸ்க்கில் பதிவை எழுதாதீர்கள். ரன்க்யூலேட் கெர்னலுக்குள்ளேயே எண்ணி ஹிஸ்டோகிராமை மட்டும் வெளியே தருவதால் சுமை குறைவு, ஆனால் சுழியம் அல்ல. டிரேஸ் இல்லாமல் ஒரு முறையும் டிரேஸோடு ஒரு முறையும் அதே சுமையைக் கொடுத்து, உங்கள் சேவையே பதியும் பதில் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் கணிசமாக வேறுபட்டால் அந்தப் பதிவை வைத்து முடிவு எதுவும் எடுக்காமல், ஷெட்ஸ்டாட் எண்களுக்குத் திரும்புங்கள். நிகழ்வுகள் தொலைந்ததாகப் பெர்ஃப் எச்சரித்தாலும் அப்படியே. சிபியுவில் ஏறிய ஒரே ஒரு வரி தொலைந்தால் போதும். அந்த த்ரெட் அடுத்த முறை ஏறும்வரை காத்திருந்ததாகக் கணக்காகி, நடக்காத நீண்ட தாமதம் ஒன்று பட்டியலின் உச்சியில் வந்து நிற்கும். பஃபரைப் பெரிதாக்கி மறுபடியும் பதிந்த பிறகும் அது அங்கேயே இருந்தால்தான் அதைத் துரத்த வேண்டும்.