மாசக்கடைசியின் பயம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

2026 பிப்ரவரி 27 அன்று ‘ரெசிடென்ட் ஈவில்’ திகில் வீடியோ கேம் தொடரின் அடுத்த விளையாட்டு ‘ரெக்வியம்’ வருகிறது. பணம் கட்டி வைத்துவிட்டேன். போன ஜூனில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஒரு டிரெய்லரையும் விடவில்லை. சிலவற்றை வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தேன். கசிந்த தகவல்களையும் தேடித் தேடிப் படித்தேன். தொடரின் பழைய நாயகன் லியான் வருகிறான் என்று டிசம்பரில் உறுதியானபோது நண்பர்களோடு விடியும்வரை அதே பேச்சு. ஆனால் இந்தப் பொங்கல் விடுமுறையில் அந்தக் காட்சிகளை மறுபடி போட்டுப் பார்த்தபோது மனசில் ஒன்றுமே அசையவில்லை. பயமும் இல்லை, ஆசையும் இல்லை. எனக்கு வயது 34. வயசாகிவிட்டதா? இல்லை, 30 வருஷமாக ஓடியதில் தொடரே தேய்ந்துவிட்டதா?

இன்னும் இரண்டு கேள்விகள். பாத்திரத்தின் கண் வழியாகவும் ஆடலாம், பின்னாலிருந்து பார்த்தும் ஆடலாம் என்கிறார்கள். எது நல்லது? இவ்வளவு இலக்கியம் படிப்பவருக்கு இதெல்லாம் எதற்கு என்று என் மனைவி கேட்கிறார். நீங்கள் ஒரு வரி எழுதினால் ஒத்துக்கொள்வார். வீட்டில் எனக்குத் துணை என் ஒன்பது வயது மகன்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான்.

எஸ்., வேளச்சேரி

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தக் கடைசி வரி. ஒன்பது வயதுப் பிள்ளையை அந்தத் திரைக்கு முன்னால் உட்காரவைக்காதீர்கள். இந்தத் தொடருக்கு அமெரிக்காவில் 17 வயது, ஐரோப்பாவில் 18 வயது என்று அட்டையிலேயே அச்சடிக்கிறார்கள். உங்களுக்கு அவன் துணை. அவனுக்கு அதன் பிறகு யார் துணை? ராத்திரி பாத்ரூம் போக அவன் உங்களை எழுப்பும்போது கோபப்பட உங்களுக்கு உரிமை கிடையாது. இன்றோடு நிறுத்துங்கள்.

மனைவிக்கு நான் சான்றிதழ் எழுதித் தரமாட்டேன். அவர் கேட்டது உங்களிடம், பதிலும் உங்களிடமிருந்துதான் வரவேண்டும். கண் வழியாகவா பின்னாலிருந்தா என்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. நடுவிலும் மாற்றிக்கொள்ளலாம், பிடித்தபடி ஆடுங்கள்.

மனசில் ஒன்றும் அசையவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில்.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் அம்மாவின் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடித்தட்டில் வீட்டுக் கணக்கு நோட்டுகள். ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி தாண்டியதும் அம்மாவின் எழுத்து சின்னதாகிவிடும். வரிகள் நெருங்கும். கொத்தமல்லி, தீப்பெட்டி, பஸ் சில்லறை எல்லாம் தனித்தனியாக ஏறும். அதில் ஒரு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பினால் என் கையெழுத்து. ‘தோட்டா 11. பச்சை 2. சிவப்பு 1. ரிப்பன் 2.’

1998 கோடை விடுமுறை. பெரம்பூரில் மாமா வீடு, ஐ.சி.எஃப். குவார்ட்டர்ஸ். மாமா பையன்களுக்கு அவர்களுடைய சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து பிளேஸ்டேஷன் கொண்டுவந்திருந்தார். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜாரில் வாங்கிய டிஸ்க்கில் முதல் ரெசிடென்ட் ஈவில். ஜப்பானில் 1996 மார்ச்சில் வந்தது எங்களுக்கு இரண்டு வருஷம் கழித்துக் கிடைத்தது. மூன்று பையன்கள், ஒரு கன்ட்ரோலர். எனக்குத் தரமாட்டார்கள். “உனக்குத்தான் கணக்கு நல்லா வருமே, நீ எழுது” என்று நோட்டைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அழுகையாக வந்தது. ஆனால் கொஞ்ச நாளில் அந்த அறையில் உண்மையாகப் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று தெரிந்தது.

ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும்போது அவர்கள் மூவரும் கத்துவார்கள். அடுத்த நொடி சிரித்துக்கொண்டிருப்பார்கள். அது திடுக்கிடல், அவ்வளவுதான். நாய் செத்த பிறகுதான் எனக்கு அடிவயிறு கலங்கும். அத்தனை தோட்டா போயிற்றே, இன்னும் மாடி முழுக்க பாக்கி இருக்கிறதே. சிவப்பு மூலிகை தனியாக ஒன்றுக்கும் உதவாது, பச்சையோடு கலந்தால் முழுக் காயமும் ஆறும். அதனால் சிவப்பு கிடைக்கும்வரை பச்சையைத் தொடவிடமாட்டேன். பாத்திரம் நொண்டி நொண்டி நடக்கும், பையன்கள் கெஞ்சுவார்கள், நான் அசையமாட்டேன். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்து நடையில் முதல் பிணம் மெல்லத் தலையைத் திருப்பிப் பார்க்குமே, அங்கே ஜில் என்ற பெண்ணை எடுத்து ஆடினால் சுடவே தேவையில்லை. திரும்பிக் கூடத்துக்கு ஓடிவந்தால் அவளுடைய கூட்டாளி பாரி அவனுடைய துப்பாக்கியால் அதை முடித்துவிடுவான். நம் தோட்டா மிச்சம். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைப் பையன்கள் யாருக்கும் விளக்க முடியவில்லை.

ரிப்பன்தான் எல்லாவற்றிலும் கொடுமை. ஆடியதைச் சேமிக்க டைப்ரைட்டர் வேண்டும், டைப்ரைட்டருக்கு ரிப்பன் வேண்டும், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஒரு ரிப்பன் போய்விடும். நான் அப்போது டைப்ரைட்டிங் லோயர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். எழுத்து பாதிக்குமேல் மங்கினாலும் அங்கே ரிப்பன் மாற்றமாட்டார்கள். அதனால் அந்த வார்த்தையைத் திரையில் பார்த்ததுமே அதன் விலை எனக்குப் புரிந்தது. இப்போதே சேமிப்பதா, இன்னும் இரண்டு அறை தாண்டியா? தாண்டினால், நடுவில் கரண்ட் போனால்? அந்தக் குவார்ட்டர்ஸில் மின்விசிறி வேகம் குறைந்தாலே எங்கள் நான்கு பேருக்கும் மூச்சு நின்றுவிடும்.

இது மாசக்கடைசியின் பயம். சம்பளம் ஒன்றாம் தேதி. இருபதுக்குமேல் வாசலில் யாராவது கூப்பிட்டால் அம்மா முதலில் காபித்தூள் டப்பாவைத்தான் பார்ப்பாள், அதற்கப்புறம்தான் யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பாள். வந்தவர் எவ்வளவு பிரியமானவராக இருந்தாலும் அந்த ஒரு பார்வை தப்பாது. அந்தப் பார்வையைத் திரைக்குள் கொண்டுவந்ததுதான் முதல் விளையாட்டை இயக்கிய ஷின்ஜி மிகாமியும் அவருடைய குழுவும் செய்த பெரிய வேலை. ஸோம்பியைச் சினிமா ஏற்கெனவே காட்டியிருந்தது. ஒரு கதவுக்கு வெளியே நின்று உங்கள் கையிருப்பை நீங்களே எண்ணிப் பார்க்கும் அந்த இரண்டு நொடியைச் சினிமாவால் கொடுக்க முடியாது, என் தொழிலான சிறுகதையாலும் முடியாது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. முதல் விளையாட்டில் கிறிஸ், ஜில் இருவரில் ஒருவராக ஆடலாம். கிறிஸை எடுத்தால் பொருள் வைக்க 6 இடம், ஜில்லுக்கு 8. அந்த இரண்டு இடத்தில்தான் ஒருவர் பயமும் இன்னொருவர் பயமும் வேறுபடுகின்றன. 2002-ல் மிகாமியே இதே கதையைத் திரும்பச் செய்தார். அதில் சுட்டு வீழ்த்திய பிணத்தைக் கொளுத்தாமல் விட்டால், பிறகு இன்னும் வேகமாக, நகம் வளர்ந்து எழுந்து வரும். கொளுத்த மண்ணெண்ணெய் வேண்டும். அது அளவாகத்தான் கிடைக்கும், குப்பியும் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய் கேனோடு நின்றவர்களுக்கு இதைவிடத் தெளிவாக எதையும் சொல்லிவிட முடியாது. எந்தப் பிணத்தைக் கொளுத்துவது, எந்த நடை வழியே இனி போகவே வேண்டாம் என்று விட்டுவிடுவது? ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் ஒரு கடன் நிற்கிறது. 2015-ல் அது பிசிக்கும் பிளேஸ்டேஷனுக்கும் புதுப்பித்து வந்தபோதுதான் நான் கன்ட்ரோலரைக் கையில் எடுத்து முழுசாக ஆடினேன். அப்போதும் பக்கத்தில் நோட்டு இருந்தது.

2005-ல் வந்த நாலாவது விளையாட்டில் ஒரு வியாபாரி வருவான். துப்பாக்கி விற்பான், பெட்டி விற்பான், மருந்து விற்பான். தோட்டா மட்டும் விற்கமாட்டான். கடையே திறந்துவிட்ட பிறகும் எதை விற்கக்கூடாது என்று செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நிதானம் அடுத்த இரண்டில் போய்விட்டது. 2012-ல் வந்த ஆறாவதில் வெடியும் ஓட்டமும்தான், நின்று எண்ண நேரமே கிடையாது. எனக்கு அதில் ஓர் இடத்தில்கூடப் பயம் வரவில்லை. 2017-ல் ஏழாவது வந்து லூசியானாவில் ஒற்றை வீட்டுக்குள் நம்மைப் பூட்டியதும் பயம் திரும்பி வந்தது. 2019-ல் இரண்டாம் பாகத்தைத் திரும்பச் செய்தபோது கடினமான முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ரிப்பனையும் திருப்பிக் கொடுத்தார்கள். தேய்ந்த தொடர் இதைச் செய்யாது. நீங்கள் கேட்டதில் பாதிக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன்.

என் கட்சியை எதிர்த்துப் பேச நல்ல சாட்சி ஒன்று உண்டு. 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4-ல் ‘பி.டி.’ என்று ஒரு சின்ன விளையாட்டை இலவசமாக விட்டார்கள். ஒரே நடை, எல் வடிவத்தில் திரும்பும், கடைசிக் கதவைத் திறந்தால் மறுபடி அதே நடை. துப்பாக்கி இல்லை, மூலிகை இல்லை, எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் அதைப்போல் பயமுறுத்தியது குறைவு. அது எப்படி? அதில் குறைத்து வைத்திருந்தது நமக்குத் தெரிந்ததை. யார் செய்தது என்று தெரியாது, இல்லாத ஒரு ஸ்டூடியோவின் பெயர் போட்டிருந்தார்கள். எதைச் செய்தால் அடுத்த கதவு திறக்கும் என்று தெரியாது. புதிர்களை அவிழ்த்து முடித்தவர்களுக்குத்தான் அது விளையாட்டு இயக்குநர் ஹிதேயோ கொஜிமாவும் சினிமா இயக்குநர் கியர்மோ டெல் டோரோவும் சேர்ந்து செய்யவிருந்த ‘சைலன்ட் ஹில்ஸ்’ விளையாட்டின் முன்னோட்டம் என்று தெரியவந்தது. அடுத்த வருஷமே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது, முன்னோட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். வராமலே போன விளையாட்டுக்கு விட்ட ஒரு டிரெய்லர்தான் அது. அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் அது எதையும் சொல்லித் தரவில்லை.

தெரியாமல் இருப்பதும் ஒரு கையிருப்புதான், எஸ். ரிப்பனைப்போல அதுவும் எண்ணித்தான் கிடைக்கிறது, செலவழித்தால் திரும்ப வராது. ஜூன் மாதத்தில் உங்கள் பை நிறைய அது இருந்தது. 2021 மேயில் தொடரின் முந்தைய விளையாட்டான ‘வில்லேஜ்’ வந்த பிறகு ஏறக்குறைய ஐந்து வருஷக் காத்திருப்பு, அவ்வளவு பெரிய சேமிப்பு. அதை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி நீங்களே செலவழித்துவிட்டீர்கள். கசிந்ததைப் படித்துச் செலவழித்தீர்கள், விடிய விடியப் பேசிச் செலவழித்தீர்கள். பிப்ரவரிக்கு வந்து சேரும்போது டப்பா காலி. இப்போது வயசாகிவிட்டதா என்று என்னிடம் கேட்கிறீர்கள். 34 ஒரு வயசா? உங்கள் பயத்தை யாரும் திருடவில்லை.

கோபமாகவே சொல்கிறேன். இந்த டிரெய்லர் பார்க்கும் பழக்கம் உங்களை ரசிகர் என்ற இடத்திலிருந்து இறக்கி, இன்ஸ்பெக்டர் ஆக்கிவிடுகிறது. சுவரில் என்ன போஸ்டர், கண்ணாடியில் யார் நிழல், எந்தக் கட்டடம் பழைய விளையாட்டில் வந்தது என்று பட்டியல் போடுகிறீர்கள். உங்களைப் பயமுறுத்துவதற்காக இரவு பகலாக வேலை செய்தவர்களை முதல் நாளே தோற்கடித்துவிடத் துடிக்கிறீர்கள். பயப்படுவதற்கு ஒரு சம்மதம் வேண்டும். ஒருவர் கையில் நம்மை ஒப்படைக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கொடுக்காமல் காசை மட்டும் கொடுத்துவிட்டு ஒன்றும் அசையவில்லை என்றால் எப்படி அசையும்?

லியானைப் பற்றி அவ்வளவு பேசினீர்கள், ரெக்வியத்தின் நாயகி கிரேஸைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. லியான், கதைப்படி 1998-லேயே, ஸோம்பிகள் சூழ்ந்த ராக்கூன் நகரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டவன். அவன் கை நடுங்காது. கிரேஸ் ஆஷ்கிராஃப்ட் எஃப்.பி.ஐ.யில் மேஜையில் உட்கார்ந்து தகவல்களை அலசுகிறவள், பயந்த சுபாவம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா கொலையான அதே ஹோட்டலுக்கு அவளை அனுப்புகிறார்கள். அந்த அம்மா அலிஸ்ஸா, 2003-ல் வந்த ‘அவுட்பிரேக்’ விளையாட்டில் நாம் கூட நடந்த பத்திரிகைக்காரி. அம்மா கடைசியாக இருந்த அறைக்குள் மகள் விளக்கோடு போகிறாள் என்று கேள்விப்பட்டதோடு நான் நிறுத்திக்கொண்டேன். எனக்கு அதற்குமேல் ஒன்றும் தெரிய வேண்டாம். பீரோவை ஒழிக்கும் இந்த நாட்களில் எனக்கு அது போதும்.

ரெக்வியத்தை இயக்குபவர் கோஷி நகனிஷி, ஏழாவதைச் செய்தவர். இதைப் பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் பரந்த உலகமாகச் செய்வதாக முதலில் ஒரு யோசனை இருந்து, அதைக் கைவிட்டுக் குறுகலான நடைகளுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அந்த ஒரு முடிவுக்காகவே எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்றிலிருந்து பிப்ரவரி 27 வரை ஒரு டிரெய்லரும் கிடையாது, ஒரு கட்டுரையும் கிடையாது. அந்த நண்பர்கள் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுங்கள். 2002 விளையாட்டின் புதுப்பித்த பதிப்பை வாங்குங்கள், இப்போது விலை குறைவுதான். கிறிஸை எடுங்கள், ஜில் வேண்டாம். வழிகாட்டி வீடியோவைத் தொடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தோட்டா, மூலிகை, ரிப்பன், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் கையால் எழுதுங்கள், கழித்துக்கொண்டே வாருங்கள். பிள்ளை தூங்கிய பிறகு ஆடுங்கள். மனைவிக்கு விருப்பமிருந்தால் நோட்டை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். இது எதற்கு என்று கேட்டாரே, ஒரு ரிப்பன் மட்டும் மிச்சமிருக்கும்போது அவரே உங்களைச் சேமிக்க விடமாட்டார்.

மார்ச் மாதம் எனக்கு எழுதுங்கள். எங்கே பயந்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள், கிரேஸுக்கு என்ன ஆயிற்று என்று எழுதிவிடாதீர்கள். நான் மெதுவாக ஆடுகிறவள். அதற்குள் முடித்திருக்கமாட்டேன்.

அன்புடன்,
அக்கா