கடன் முடியட்டும், அப்புறம் ஏற்காடு?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 47. வீட்டுக் கடன் இன்னும் 9 வருடம் ஓடும். மகள் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். எல்லாம் முடியட்டும், அப்புறம் நிம்மதியாக இருக்கலாம் என்றே நாள் போகிறது. "பக்கத்தில் இருக்கிற ஏற்காட்டுக்குக்கூடக் கூட்டிப் போகவில்லை" என்கிறார் மனைவி. தவணை கட்டுகிறவன் எப்படிச் சந்தோஷமாக இருப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: தவணைக்குத் தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது. அதனால் எப்பாடுபட்டாவது கட்டிவிடுகிறீர்கள். ஏற்காட்டுக்கு இரண்டுமே இல்லை. கோளாறு அங்கேதான்.

கடன் முடிந்தால் நிம்மதி வரும், ஆனால் தங்காது. புது நிலைமைக்கு மனசு சீக்கிரம் பழகிவிடும், மகள் கல்யாணச் செலவு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே தவணையில் கை வைக்காமல், மாதம் 1,000 ரூபாயைத் தனி உறையில் போடுங்கள். ஏற்காடு போகும் தேதியை மனைவியே குறிக்கட்டும். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன காரியம் என்று முன்பே முடிவு செய்கிறவர்கள்தான் சொன்னதை அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். பைக்கில் போய்வர 2 லிட்டர் பெட்ரோல் போதும். ஞாயிறுதான் விடுமுறை என்றால் காலை 6 மணிக்கே அடிவாரத்தைத் தாண்டிவிடுங்கள். கூட்டம் ஏறும் நேரத்தில் நீங்கள் இறங்கிக்கொண்டிருக்கலாம். இறங்கும்போது பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாம் கியரில் வாருங்கள். மே மாதக் கோடை விழா நாட்கள் வேண்டாம். மார்ச், ஏப்ரலில் மழை பெய்தால் பத்து நாளுக்குள் காப்பித் தோட்டங்கள் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை மாதிரி மணக்கும். மூன்று நான்கு நாளில் பூ கருகிவிடும். அதைப் பார்க்க ஆசையென்றால் மலையில் மழை என்று காதில் விழுந்ததுமே நாளைக் குறித்துவிட வேண்டும்.

இந்தப் பயணம் பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்: "போகிற வழியில் அந்தக் கடைக்காரரிடம் ஆர்டர் விஷயம் பேசிவிடலாம்" என்பதில். அன்று ஆர்டர் பேச்சே கூடாது.

மற்ற நாட்களுக்குச் சின்னதாக ஒன்று. கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைக்கும்போது உங்கள் கவனம் சுடரில்தான் இருக்கும். கொஞ்சம் பிசகினால் வெள்ளி உருகிவிடுமே. அங்கே நாங்கள் சொல்லித்தர எதுவுமில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான் செல்போனில் வெள்ளி விலை பார்ப்பீர்கள் என்பது எங்கள் ஊகம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு 20 நிமிடம் போன் வேறு அறையில் இருக்கட்டும். முதல் வாரம் கை பரபரக்கும்; அதற்காக விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. முன்பு பிடித்த எதுவுமே இரண்டு வாரத்துக்கு மேல் ருசிக்கவில்லை, தூக்கமும் கெட்டிருக்கிறது என்றால் அதற்கு ஏற்காடு மருந்தல்ல. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.