நாடிழந்த அர்ஸ்லானுக்குத் துணை நிற்பவர்கள் யார், ஏன்?

2015இல் வந்த அர்ஸ்லான் அனிமேயை (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) பற்றிய கேள்வி இது. அத்ரோபதேனே போரில் பார்ஸ் நாட்டுப் படை சிதறியதும், அந்நாட்டின் 14 வயது இளவரசன் அர்ஸ்லானுடன் எஞ்சுவது கருங்கவச வீரன் தார்யூன் ஒருவன்தான். அவன் இளவரசனைத் தன் நண்பன் நார்சஸின் மலை வீட்டுக்கு அழைத்துப் போகிறான்.

நார்சஸ் பெரிய போர்த்தந்திரி. அரசரோடு மோதி அரசவையை விட்டு வெளியேறியவன், அதனால் முதலில் மறுக்கிறான். அர்ஸ்லான் பொன்னோ நிலமோ தருவதாகச் சொல்லவில்லை, "அரசவை ஓவியராக்குகிறேன்" என்கிறான். நார்சஸின் ஓவியம் சுமார்தான். ஆனாலும் அவன் மனம் எதற்கு ஏங்குகிறது என்று கவனித்துக் கேட்டானே, அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நார்சஸுடன் சிறுவன் எலாமும் வருகிறான். அப்புறம் மித்ரா கோயில் பூசாரினி ஃபரங்கிஸ், நாடோடிப் பாடகன் கீவ்.

காஷான் கோட்டையில் அர்ஸ்லான் அடிமைகளை விடுவிக்கிறான். அவர்களோ, எங்கள் நல்ல எஜமானான கோட்டைத் தலைவனைக் கொன்றுவிட்டாயே என்று அவன் மீதே பாய்கிறார்கள். தானும் முன்பு அடிமைகளை விடுவித்து ஏமாந்தவன் என்று நார்சஸ் சொல்கிறான். வாள் வீச அர்ஸ்லானுக்கு ஆள் இருக்கிறது. இப்படிச் சொல்லிக்கொடுக்கும் துணைதான் அவனுக்கு அதிகம் தேவைப்பட்டது.