கோஷியென் பிட்சர்களை ஒப்பிடும் பேச்சில் கலந்துகொள்வது எப்படி?

தம்பி, ஏப்ரலில் ஒசாகா வந்து சேர்ந்திருக்கிறீர்கள். ஜூலை பிறந்ததிலிருந்து ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பள்ளிக்கூட பேஸ்பால் பேச்சுதான், இந்த வருஷம் பேர் வாங்கும் பிட்சர் (பந்து வீசுபவர்) பையன் பழைய பிட்சர்களான மட்சுசாகாவுக்குச் சமமா, எகாவாவுக்குச் சமமா என்று சீனியர்கள் மல்லுக்கட்டுகிறார்கள், கிரிக்கெட் மட்டும் தெரிந்தவன் இதில் என்ன பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். நான்காம் வகுப்புப் படிக்கும் மகனும் பிட்சர் ஆக வேண்டும் என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் போட்டியின் அமைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசியில் ஒகினாவாவிலும் ஹொக்காய்டோவிலும் மாகாணச் சுற்று தொடங்கும், மற்ற இடங்களில் ஜூலை. சுமார் 3,400 அணிகள். ஒரு தோல்வி வந்தால் அந்த வருஷம் முடிந்தது. மாகாணத்துக்கு ஒன்று, டோக்கியோவுக்கும் ஹொக்காய்டோவுக்கும் இரண்டிரண்டு என மொத்தம் 49 அணிகள் ஆகஸ்டில் நிஷினோமியாவில் உள்ள கோஷியென் மைதானத்துக்கு வரும். அந்த மைதானம் திறந்தது 1924-இல், போட்டி தொடங்கியதோ 1915-இல். மார்ச் கடைசியில் அதே மைதானத்தில் நடப்பது வேறு போட்டி. அதற்கு அணிகளைத் தேர்வு செய்து அழைப்பார்கள். யாராவது ஒரு சாதனை எண்ணைச் சொன்னால் அது வசந்தமா, கோடையா, மாகாணச் சுற்றா என்று கேட்டுவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

மாகாணச் சுற்று எண்களைக் கோஷியென் எண்களோடு கலக்கக் கூடாது. பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று பேர் அவுட் ஆனால் அணியின் முறை முடியும். மாகாணத்தில் 5 இன்னிங்ஸுக்குப் பிறகு 10 ரன், 7 இன்னிங்ஸுக்குப் பிறகு 7 ரன் முன்னிலை இருந்தால் ஆட்டம் அத்தோடு முடியும். எதிரே நிற்பது ஒன்பது பேரைத் திரட்டவே சிரமப்பட்ட சிறிய பள்ளியாகவும் இருக்கலாம். கோஷியெனில் அப்படிப் பாதியில் முடிக்கும் வழி கிடையாது. 20 ரன் பின்தங்கினாலும் 9 இன்னிங்ஸ் ஆடியாக வேண்டும்.

இனி ஆட்களுக்கு வருவோம். பேசுபவரின் வயதைப் பார்த்தாலே அவர் யார் பெயரைச் சொல்வார் என்று ஊகிக்கலாம். 60-ஐத் தாண்டியவர் சுகுரு எகாவா என்பார். 50-களில் இருப்பவர், அதுவும் ஒசாகாக்காரர் என்றால், பிஎல் ககுவென் பள்ளியின் மசுமி குவாட்டா. 45-ஐச் சுற்றி இருப்பவர் டைசுகே மட்சுசாகா. 30-களின் பின்பாதி என்றால் யுகி சைட்டோவும் மசஹிரோ தனாகாவும். இளசுகள் ரோகி சசாகி. பிஎல் ககுவெனின் பேஸ்பால் மன்றம் 2016-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஒசாகாவில் அது இன்னும் ஆறாத வருத்தம், அந்தப் பேச்சு வரும்போது பார்த்துப் பேசுங்கள்.

எகாவாவைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. டொச்சிகி மாகாணத்தின் சகுஷின் ககுவென் பள்ளி. 1973 வசந்தப் போட்டியில் 4 ஆட்டங்களில் 60 ஸ்டிரைக்அவுட், அதாவது மூன்று ஸ்டிரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது. வசந்தப் போட்டியில் அந்த எண்ணை இதுவரை யாரும் தாண்டவில்லை. அந்தக் கோடையில் மாகாணச் சுற்றின் 5 ஆட்டங்களில் 3 நோ-ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டங்கள். கோஷியெனில் இரண்டாம் சுற்றில் சோஷி வணிகப் பள்ளியோடு மழையில் ஆடி, 12-ஆம் இன்னிங்ஸில் மூன்று தளத்திலும் ஆள் நிற்கும்போது நான்காவது ‘பால்’ (எல்லைக்கு வெளியே போன பந்து) போட்டு, மட்டையாளருக்கு இலவசமாகத் தளம் கொடுக்க வேண்டியதாகி, அதனால் வந்த ஒரு ரன்னில் 0-1 என்று தோற்றார். கோப்பை எதுவும் அவர் கையில் இல்லை. அவர் வேகத்தைப் பற்றி எவ்வளவு பெரிய எண்ணை யார் சொன்னாலும், அன்று வேகமானிக் கருவி மைதானங்களில் புழக்கத்துக்கு வரவில்லை என்பதை நினைவில் வையுங்கள். அதெல்லாம் பின்னாளில் கணித்த எண்கள்.

மட்சுசாகா கதை வேறு. யோகோஹாமா உயர்நிலைப் பள்ளி, 1998, வசந்தமும் கோடையும் இரண்டும் கோப்பை. கோடையின் கடைசி நான்கு நாட்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆகஸ்ட் 19-இல் முழு ஆட்டம் வீசி 148 பந்து. மறுநாள் காலிறுதி, பிஎல் ககுவெனோடு 17 இன்னிங்ஸ், 250 பந்து, 9-7 வெற்றி. 21-ஆம் தேதி அரையிறுதியில் கையில் கட்டோடு இடது வெளிக்களத்தில் நின்றார். அணி 0-6 என்று பின்தங்கி, 8-ஆம் இன்னிங்ஸில் 4 ரன் எடுத்தது. 9-ஆம் இன்னிங்ஸில் அவர் கட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு வந்து வீசினார். அணி 7-6 என்று ஜெயித்தது. 22-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் நோ-ஹிட்டர். கோடை இறுதியில் அதற்கு முன் அதைச் செய்தவர் 1939-இல் வகயாமாவின் செய்இச்சி ஷிமா ஒருவரே. அவர் அந்தப் போட்டியின் 5 ஆட்டங்களிலும் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை, அரையிறுதியும் இறுதியும் நோ-ஹிட்டர். 1945-இல் போரில் இறந்தார். அவரைப் பற்றிப் பேச இன்று ஆள் குறைவு, ஆனால் பட்டியலில் அவர் பெயர் இல்லாமல் எந்த ஒப்பீடும் முழுமையாகாது.

அந்த 17 இன்னிங்ஸ் ஆட்டத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பிஎல் அணி 2-ஆம் இன்னிங்ஸிலேயே 3 ரன் எடுத்தது. மட்சுசாகாவின் பந்தில் அன்று கோளாறு என்று நினைப்பார்கள். ஆனால் நேர்ப்பந்துக்கும் வளைபந்துக்கும் கேட்சர் (பிட்சரின் பந்தைப் பிடிக்க உட்காருபவர்) உட்காரும் தோரணை சற்று மாறியது, மூன்றாம் தளத்தருகே நின்ற பிஎல் ஆள் அதைப் பிடித்துக் குரலால் மட்டையாளருக்குச் சொல்லிவிட்டார். ஒரு பிட்சர் திடீரென்று அடிவாங்கினால் முதலில் கேட்சரைப் பாருங்கள். ஆபீஸில் இதைச் சொன்னால் உங்களை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

சைட்டோவின் 2006 கோடை எண்கள் இன்னும் பெரியவை. 7 ஆட்டங்களில் 948 பந்து. காலிறுதி, அரையிறுதி, 15 இன்னிங்ஸ் ஆடியும் 1-1 என்று சமனான இறுதி, மறுநாள் மறு இறுதி என்று தொடர்ந்து நான்கு நாட்களில் மட்டும் 553 பந்து. மறு ஆட்டம் 4-3, கடைசி மட்டையாளர் எதிரணிப் பிட்சர் தனாகாவேதான். அவரை ஸ்டிரைக்அவுட் செய்து முடித்தார். பிறகு தனாகா ஜப்பான் தொழில்முறை அணியான ரகுடெனில் 2013-இல் 24 வெற்றி, தோல்வியே இல்லை, அடுத்து நியூயார்க் யாங்கீஸ். சைட்டோ தொழில்முறை ஆட்டத்தில் மொத்தம் 15 வெற்றியோடு 2021-இல் ஓய்வு பெற்றார். இதைக் காட்டி ‘அப்போது தனாகாதான் பெரியவர்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 18 வயதில் யார் எப்படி வீசினார் என்பது ஒரு கேள்வி, 25 வயதில் தோளும் முழங்கையும் எப்படி இருந்தன என்பது இன்னொரு கேள்வி. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓத்தானியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012 மாகாணச் சுற்றில் மணிக்கு 160 கி.மீ. வீசியவர், ஆனால் கோஷியெனில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அந்த வசந்தத்தில் அவரைத் தோற்கடித்த ஒசாகா டோஇன் பள்ளியின் ஃபுஜினாமி அந்த வருஷம் இரண்டு கோப்பையையும் வாங்கினார்.

சரி, இந்த வருஷப் பையனை இவர்களோடு வைத்துப் பார்க்க முடியுமா? பார்க்கலாம், ஆனால் விதிகள் மாறியதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். கிரிக்கெட்டில் மூடாத ஆடுகளக் காலத்து எண்களை அப்படியே இன்றைக்குக் கொண்டுவர முடியாதது போலத்தான்.

மட்டை: 1974 வரை மரம், அதன்பின் உலோகம். எகாவா வீசியது மர மட்டைக்கு எதிராக. மட்சுசாகா, சைட்டோ, சசாகி எல்லோரும் பந்து நன்றாகத் துள்ளும் உலோக மட்டைக்கு எதிராக. 2024 வசந்தத்திலிருந்து துள்ளல் குறைந்த மட்டை: அதிகபட்ச விட்டம் 67 மி.மீ.யிலிருந்து 64 மி.மீ.க்கும் கீழே வந்தது, அடிக்கும் பகுதியின் உலோகம் சுமார் 3 மி.மீ.யிலிருந்து 4 மி.மீ. தடிமனானது. ஹோம் ரன் (சிக்ஸர் போல வேலியைத் தாண்டும் அடி) குறைந்தது. ஆக, இன்றைய பையன் ரன்னே கொடுக்கவில்லை என்றால் அதில் மட்டைக்கும் பங்கு உண்டு. ஸ்டிரைக்அவுட்டைப் பாருங்கள், மட்டையில் படாத பந்துக்கு மட்டையின் தடிமன் பொருட்டில்லை.

பந்து எண்ணிக்கை: ஒரு வாரத்தில் 500-க்கு மேல் ஒரு பிட்சர் வீசக் கூடாது. 2020-இல் கொண்டுவந்தார்கள், அந்த வருஷம் கொரோனாவால் இரண்டு போட்டியும் நின்றன, கோஷியெனில் நடைமுறை 2021-இலிருந்து. 500 எட்டும்போது எதிரே நிற்கும் மட்டையாளரை மட்டும் முடிக்கலாம். சைட்டோவின் நான்கு நாள் 553 இன்று நடக்க வழியே இல்லை. காலிறுதிக்குப் பிறகு ஓய்வு நாட்களும் வந்துவிட்டன.

கூடுதல் இன்னிங்ஸ்: 10-ஆம் இன்னிங்ஸிலிருந்து முதல், இரண்டாம் தளத்தில் ஆட்களை நிறுத்திவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும். 17, 18 இன்னிங்ஸ் மோதலுக்கு இனி அநேகமாக இடமில்லை. 1958-இல் தொகுஷிமாவின் எய்ஜி பாண்டோ 18 இன்னிங்ஸில் 25 பேர் உட்பட ஒரே போட்டியில் எடுத்த 83 ஸ்டிரைக்அவுட், இன்றைய பையன் தொடக்கூடிய உயரத்தில் இல்லை. ஒரே ஆட்டத்தின் சாதனை மட்டும் இன்னும் திறந்திருக்கிறது: 9 இன்னிங்ஸில் 22, அதில் தொடர்ச்சியாக 10. 2012-இல் தோகோ ககுவென் பள்ளியின் யுகி மட்சுய் எடுத்தது. ஒப்பிட வேண்டுமென்றால் அதோடு ஒப்பிடுங்கள்.

வேகம்: மட்சுசாகா 1998-இல் தொட்டது 151 கி.மீ. இன்று அதை எட்டும் பள்ளிப் பையன்கள் பலர். அதனால் மட்சுசாகாவை மிஞ்சிவிட்டான் என்று சொல்லிவிட முடியாது, உடற்பயிற்சி, உணவு, கருவி எல்லாமே மாறிவிட்டன. கருவிக்குக் கருவியும் வித்தியாசம் வரும். 2001-இல் நிச்சினான் ககுவெனின் தெராஹரா வீசிய பந்துக்குத் தொலைக்காட்சி 154 காட்டியது, அமெரிக்க ஸ்கவுட்டின் (அணிக்கு ஆள் தேடுபவரின்) கருவி 158 காட்டியது. அதிகபட்ச எண்ணை விட்டுவிட்டு, முதல் இன்னிங்ஸில் எவ்வளவு, 8-ஆம் இன்னிங்ஸில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். 3 பால், 2 ஸ்டிரைக் நிலையில் வளைபந்தை நம்பி வீசுகிறானா, மட்டையாளர் ஓங்கி அடிக்காமல் மெல்லத் தட்டி ‘பன்ட்’ உருட்டினால் ஓடிவந்து எடுத்து எந்தத் தளத்துக்கு எறிகிறான், இரண்டாம் தளத்தில் ஆள் நிற்கும்போது வீச்சு அவசரப்படுகிறதா. ஆளைக் காட்டிக்கொடுப்பது இவைதான்.

என் கணிப்பைக் கேட்டால், சுத்தமான பந்துவீச்சில் எகாவா, ஒரு கோடையில் சாதித்ததில் மட்சுசாகா. ஆனால் 250 பந்தை வீரம் என்று கொண்டாட மனம் வரவில்லை. 1991-இல் ஒகினாவா சுய்சான் பள்ளியின் ரின் ஓனோ 6 ஆட்டங்களில் 773 பந்து வீசி இறுதிவரை வந்தார், முழங்கை எலும்பு முறிந்துபோனது, அதன்பின் அவர் பிட்சராக வீசவே இல்லை. கோஷியெனில் பிட்சர்களுக்குத் தோள், முழங்கை மருத்துவப் பரிசோதனை வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆபீஸில் கவனமாகத் தொட வேண்டியது சசாகி விஷயம். 2019 ஏப்ரலில் பயிற்சி முகாமில் 163 கி.மீ. வீசியவர். ஜூலை 21-இல் 12 இன்னிங்ஸ், 194 பந்து. 24-இல் அரையிறுதி, 129 பந்து. 25-இல் இவாத்தே மாகாண இறுதியில் பயிற்சியாளர் அவரை இறக்கவில்லை, ஒஃபுனாட்டோ பள்ளி 2-12 என்று தோற்றது. பள்ளிக்குப் புகார்த் தொலைபேசிகள் குவிந்தன. பயிற்சியாளர் செய்தது சரி என்பது என் உறுதியான கருத்து. 2022 ஏப்ரலில், தொழில்முறை ஆட்டத்தில், அதே கை 19 ஸ்டிரைக்அவுட்டோடு, ஒருவரையும் தளமேற விடாமல் முழு ஆட்டம் வீசியது. ஆனால் சக வீரர்களின் மூன்று வருட உழைப்பு என்னாவது என்று கேட்பவர்களின் வலியும் பொய்யில்லை. முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், பிறகு பேசுங்கள்.

பார்ப்பதற்கு என்எச்கே தொலைக்காட்சி போதும், கோடையில் எல்லா ஆட்டமும் வரும், செய்தி நேரத்தில் மட்டும் அலைவரிசை மாறும். நேரில் போவதானால் ஒசாகா-உமேதாவிலிருந்து ஹன்ஷின் ரயில். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுங்கள். பிட்சரைப் படிக்க வேண்டுமென்றால் ஹோம் தளத்துக்குப் பின்னால், கூரை நிழலில் உட்காருங்கள். வெளிக்களத்தில் முழு வெயில்.

மகன் விஷயம். தொடக்கப் பள்ளிக் குழுக்கள் பெரும்பாலும் ரப்பர் பந்தில் ஆடும், வீசும் தூரம் 16 மீட்டர், பெரியவர்களுக்கு 18.44. ரப்பர் பந்து பேஸ்பால் சம்மேளன விதிப்படி நான்காம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 60 பந்துதான், அதற்கு மேல் வகுப்புகளுக்கு 70. அது ஆட்டத்துக்கான வரம்பு. பயிற்சியில் எத்தனை வீசச் சொல்கிறார்கள் என்பதைச் சேரும் முன்பே பயிற்சியாளரிடம் கேளுங்கள், எண்ணாகப் பதில் வராத குழுவில் சேர்க்க வேண்டாம். சனி ஞாயிறு முழு நாளும் போகும். பெற்றோர் முறைபோட்டுத் தண்ணீர், தேநீர், கார் ஓட்டும் வேலை பார்க்கும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்று பையன் ஒருமுறை சொன்னாலும் அன்றே வீச்சை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அந்த வயதில் அங்கே வளரும் குருத்தெலும்பு இருக்கிறது, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் யாரும் ‘பரவாயில்லை’ என்று சொல்ல முடியாது.