வாசகர் கேள்வி – காப்பீட்டு ஆலோசகர் பதில்: டாட்டூ, பியர்சிங் ஸ்டுடியோக்களுக்கு எந்தப் பாலிசி?

கேள்வி: வாடகை இடத்தில் டாட்டூ, பியர்சிங் ஸ்டுடியோ நடத்துகிறேன். என்னிடம் இருவர் வேலை பார்க்கிறார்கள். தொழிற்கடன் கொடுத்தபோது வங்கியே ஒரு காப்பீட்டை எடுக்க வைத்தது. அது போதுமா, வேறு பாலிசியும் வேண்டுமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: போதாது. வங்கி தன் கடனுக்கு ஈடாக நிற்கும் பொருள்களைக் காக்கவே அந்தப் பாலிசியை எடுக்க வைத்திருக்கும். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசியாக இருக்கும். ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்து மதிப்புள்ள தொழில்களுக்காக 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் பாலிசி அது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் போன்றவற்றால் மெஷின், ஆட்டோகிளேவ் (கருவிகளை நீராவியால் கிருமிநீக்கும் இயந்திரம்), நாற்காலி, மை இருப்பு ஆகியவற்றுக்கு நேரும் சேதத்தை அது ஈடுகட்டும். ஆனால் தனித் திருட்டுக்கு இழப்பீடு கிடைக்காது. வெள்ளமோ தீயோ வந்து, அதைத் தொடர்ந்து ஏழு நாள்களுக்குள் பொருள் களவு போனால் மட்டுமே கிடைக்கும். இரவில் பூட்டை உடைத்து மெஷின்களை அள்ளிச் சென்றால் ஈடு கேட்க, கன்னக்களவுக் காப்பீட்டைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

பிரீமியத்தைக் குறைப்பதற்காகப் பொருள்களின் மதிப்பைக் குறைத்துக் காட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. 10 லட்சம் மதிப்புள்ள பொருள்களை 6 லட்சத்துக்குக் காப்பீடு செய்துவிட்டு 2 லட்சம் சேதம் என்று கேட்டால், அதே விகிதத்தில் 1.20 லட்சம்தான் வரும். இந்தப் பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவைப் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் விகிதக் கணக்குதான்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். உங்கள் தொழிலின் பெரிய ஆபத்து கடையின் சுவரிலோ மெஷினிலோ இல்லை. வாடிக்கையாளரின் தோலில் இருக்கிறது. மைக்கு ஒவ்வாமை ஏற்பட்டுத் தழும்பு விழலாம். காது மடலின் மேற்புறக் குருத்தெலும்பில் குத்திய இடம் சீழ் வைத்தால், காதின் வடிவமே நிரந்தரமாகக் குலையலாம். காதின் கீழ்மடலான சோணையில் குத்துவதைவிட இது எவ்வளவோ ஆபத்தானது. ஊசி சுத்தமில்லை என்றால் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை தொற்றும் வாய்ப்பும் உண்டு. இவற்றில் எதற்கும் சொத்துக் காப்பீடு ஒரு ரூபாய்கூடத் தராது.

இதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு, அதாவது பப்ளிக் லயபிலிட்டி பாலிசி, வேண்டும். அதிலும் இரண்டு இடங்களில் பலர் ஏமாந்துபோகிறார்கள். முதலாவது, 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின்கீழ் விற்கப்படும் பாலிசி அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் தொழிற்கூடங்களுக்கானது. பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். இரண்டாவது, சரியான பாலிசியை வாங்கினாலும், தரையில் வழுக்கி விழுந்தவருக்கு ஈடு கொடுப்பதாகச் சொல்லும் அதே பாலிசி, 'தொழில்முறைச் சேவையால் விளைந்த உடற்காயம்' என்று விலக்குப் பட்டியலில் ஒரு வரி எழுதி உங்கள் ஊசியை வெளியே நிறுத்திவிடக்கூடும். ஆகவே, டாட்டூ போடுவதாலும் பியர்சிங் செய்வதாலும் ஏற்படும் காயம், தொற்று, ஒவ்வாமை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு என்பதைப் பாலிசியிலோ அதன் பின்னிணைப்பிலோ எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது கிளெய்ம் நாளில் நிற்காது. எல்லா நிறுவனங்களும் இந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை என்பதால், நிறுவனத்தின் பிரதிநிதியான ஏஜென்டைவிட, உங்கள் சார்பில் பல நிறுவனங்களிடம் விசாரிக்கும் உரிமம் பெற்ற புரோக்கரை அணுகுவது நல்லது.

காலக் கணக்கையும் கவனியுங்கள். இத்தகைய பாலிசிகள் பெரும்பாலும், சம்பவம் நடந்த நாளை மட்டும் பார்ப்பதில்லை. கோரிக்கை வந்த நாளில் பாலிசி நடப்பில் இருந்ததா என்றும் பார்க்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி வாடிக்கையாளர் இரண்டு ஆண்டுகள் வரை புகார் செய்யலாம். இன்று போட்ட டாட்டூவுக்கான நோட்டீஸ் அடுத்த ஆண்டு வரும்போது பாலிசி காலாவதியாகியிருந்தால், அதுவரை கட்டிய பிரீமியம் பயன்படாமல் போய்விடும். புதுப்பிப்பதில் இடைவெளி விடாதீர்கள். எந்த நாளிலிருந்து நடந்த சம்பவங்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று குறிக்கும் 'பின்தேதி' பாலிசியில் மாறாமல் தொடர்கிறதா என்று ஒவ்வோர் ஆண்டும் பாருங்கள். வேலை பார்க்கும் இருவருக்கும் பணியாளர் இழப்பீட்டுக் காப்பீடும் எடுங்கள். பயன்படுத்திய ஊசி கையில் குத்தும் ஆபத்தில் இருப்பவர்கள் அவர்கள்தாம்.

கேள்வி: வருகிற எல்லோரிடமும் 'எது நடந்தாலும் நானே பொறுப்பு' என்று கையெழுத்து வாங்குகிறோம். அதற்குப் பிறகும் காப்பீடு எதற்கு?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வலிக்கும், வீங்கும், நிறம் மங்கலாம் என்று தெரிந்தே சம்மதித்தேன் என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து சாட்சி. உங்கள் கவனக்குறைவை அது மன்னிக்காது. 18 வயது நிரம்பாதவர் போட்ட கையெழுத்து ஒப்பந்தமாகவே செல்லாது. ஆகையால் அடையாள அட்டையைப் பார்த்து வயதை உறுதிசெய்யாமல் ஊசியைத் தொடாதீர்கள்.

அதற்காகப் படிவத்தைக் கைவிட வேண்டாம், அதைச் செம்மைப்படுத்துங்கள். சர்க்கரை நோய், ரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மருந்து, பழைய ஒவ்வாமை ஆகியவற்றைக் கேட்டுக் குறியுங்கள். மையின் பேட்ச் எண்ணையும், ஊசி உறையை வாடிக்கையாளர் எதிரில் பிரித்ததையும், ஆட்டோகிளேவ் 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் இயங்கியதையும் அன்றன்றே பதிவேட்டில் எழுதுங்கள். நோட்டீஸ் வந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் கேட்பது இந்தப் பதிவேட்டைத்தான். நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள்; அதன் சம்மதமின்றித் தவற்றை ஒப்புக்கொள்வதோ பணம் கொடுத்துச் சமரசம் செய்வதோ கிளெய்மைக் கெடுத்துவிடும்.

கேள்வி: டாட்டூவோடு புருவ மைக்ரோபிளேடிங் (நுண்பிளேடால் புருவத்தில் நிறம் ஏற்றுதல்), லேசரால் டாட்டூ நீக்குதல், உடலமைப்பை மாற்றும் 'பாடி மாடிஃபிகேஷன்' என்று புதிய சேவைகளும் செய்ய நினைக்கிறேன். பாலிசி எடுத்த நிறுவனத்திடம் சொல்ல வேண்டுமா?
– ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். காப்பீடு முழு நம்பிக்கையின் பேரில் செய்யப்படும் ஒப்பந்தம். விண்ணப்பத்தில் மறைத்த சேவையால் காயம் ஏற்பட்டால் நிறுவனம் கைவிரிக்கலாம். ஆனால் சொல்லிவிட்டால் மட்டும் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு வந்துவிடாது. 2024 டிசம்பரில் உங்கள் ஊரிலேயே, மருத்துவத் தகுதியின்றி நாக்கைப் பிளக்கும் அறுவை செய்ததாக ஒரு டாட்டூ கடைக்காரரும் அவருடைய உதவியாளரும் கைதாகி, கடைக்குச் சீல் வைக்கப்பட்டதை அறிவீர்கள். சட்டம் அனுமதிக்காத செயலுக்கு எந்தப் பாலிசியும் துணை நிற்காது. கத்தி வைக்கும் வேலை மருத்துவருடையது. லேசரையும் தோல் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. இதில் பணத்தைவிட மனித உடம்பு பெரிது.

கேள்வி: நான் வேறொருவரின் ஸ்டுடியோவில் நாற்காலி வாடகை கொடுத்துத் தனியாக டாட்டூ போடுகிறேன். உரிமையாளரின் பாலிசி என்னையும் காக்குமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: பெயர் குறிப்பிடப்படாவிட்டால் காக்காது என்றே கொள்ளுங்கள். நீங்கள் அவருடைய பணியாளர் அல்லர். உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது சொந்தமாக ஒரு பாலிசி எடுங்கள். வீடுகளுக்கும் விழாக்களுக்கும் போய்ப் போடுவதானால், கடை முகவரிக்கு வெளியேயும் அது செல்லுமா என்று கேளுங்கள்.

கேள்வி: தனி உரிமையாளராகக் கடை நடத்துகிறேன். கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். நீதிமன்றம்தான் வழியா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) புகார் அளிக்கலாம். தனி உரிமையாளர்களும் குறுந்தொழில்களும் அங்கே செல்ல விதிகள் இடம் தருகின்றன. கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அதே விவகாரம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் மட்டும் அவர் விசாரிக்க மாட்டார். ஆகவே எந்த வாசலில் முதலில் நுழைவது என்பதை யோசித்து முடிவெடுங்கள்.