வெயிலைத் தவிர என்ன இருக்கிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் அம்பாசமுத்திரத்துக்காரன், வேலை பெங்களூரில். பள்ளி விடுமுறைக்கு மகனை ஊரில் அவன் தாத்தா, ஆச்சியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறான். தினமும் போன் செய்து, “இங்கே வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை” என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

ஒரு மாறுதலுக்கு, கோடைக்கு ஏற்றபடி இலேசாக ஏதாவது எழுதுங்களேன். எனக்கும் சில கேள்விகள் உண்டு. கத்திரி என்பது சூரியன் நேராக நம் உச்சிக்கு மேல் வரும் நாட்கள் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன், சரிதானா? பாளையங்கோட்டையில் 102 டிகிரி என்று பேப்பரில் போடுகிறார்கள். பஸ் நிலையத்தில் இறங்கி நடந்தால் அதற்கு மேல் கொதிக்கிறதே, ஏன்? அம்மாவுக்கு வர்ணம் பூசிய அழகான மண்பானை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தண்ணீர் குளிரவே இல்லை. கடைசியாக, நல்ல பதநீரை எப்படி அடையாளம் கண்டு வாங்குவது?

அன்புடன்,
எஸ்., பெங்களூரு

*

அன்புள்ள எஸ்.,

கத்திரியிலிருந்து தொடங்குகிறேன். சூரியன் பரணி மூன்றாம் பாதத்தில் நுழைவது முதல் ரோகிணி முதல் பாதத்தைக் கடப்பது வரை அக்னி நட்சத்திரம் என்பது பஞ்சாங்கக் கணக்கு. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடியும். ஆனால் திருநெல்வேலிக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது அதற்கு மூன்று வாரம் முன்பே, ஏப்ரல் 12-ஐ ஒட்டி. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 8.7 பாகையில் இருக்கிறது. பாபநாசத்தில் சித்திரை விசுவுக்குக் கூட்டம் சேரும் நேரத்தில், சூரியன் நம் தலைக்கு மேலே நின்று பார்த்துவிட்டு வடக்கே நகரத் தொடங்கிவிடுகிறது. கத்திரி முடியும்போது அது நாக்பூர்ப் பக்கம் போயிருக்கும். திரும்பி வருகையில் ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை நம்மைக் கடக்கும்.

இதை உங்கள் மகன் தன் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளக் குச்சியைத் தட்டட்டியில் (மொட்டைமாடியில்) செங்குத்தாக நிறுத்தி, மே மாத நடுவில் பகல் 12.15-ஐ ஒட்டி நிழலை அளக்கட்டும். ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவான நிழல் தெற்கு நோக்கி விழுந்திருக்கும். பொங்கல் விடுமுறைக்கு வரும்போது அதே குச்சியை நட்டால் நிழல் வடக்கே விழும், அளவும் மூன்று மடங்குக்கு மேல் நீண்டிருக்கும். உச்சிப் பொழுது ஏன் சரியாக 12 மணிக்கு வரவில்லை என்று கேட்பான். இந்தியா முழுவதற்கும் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அம்பாசமுத்திரம் அதற்கு ஐந்து பாகை மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். இருபது நிமிடம் வரும். மே மாதத்தில் சூரியன் மூன்று, நான்கு நிமிடம் முந்திக்கொள்வதால் மீதி சரியாகிவிடும். ஒரு குச்சியை வைத்துக்கொண்டு வானத்தின் கணக்கைப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அந்த வயதில் கிடைத்தால் வாழ்நாள் முழுக்க நிற்கும்.

சூரியன் உச்சியைக் கடந்த பிறகு வெயில் ஏன் ஏறுகிறது என்றால், தரை சூடேற நாளாகிறது. ஒரே நாளில்கூட நண்பகலைவிட இரண்டு, மூன்று மணிக்குத்தானே அதிகம் காய்கிறது? அதே தாமதம்தான் மாதக் கணக்கிலும் நடக்கிறது.

அடுத்து அந்த 102 டிகிரி. வானிலை நிலையத்தில் வெப்பமானியை வெயிலில் வைப்பதில்லை. வெள்ளை வர்ணம் பூசிய, நான்கு பக்கமும் சாய்ந்த பலகை இடுக்குகள் கொண்ட மரக்கூண்டு ஒன்றைத் தரையிலிருந்து நான்கடி உயரத்தில் நிறுத்தி, அதற்குள் வைக்கிறார்கள். காற்று உள்ளே வரும், வெயில் நேராக விழாது. பேப்பரில் வருவது அந்த நிழலின் சூடு. தார்ச்சாலையில் நடக்கிறவனுக்கு மேலேயிருந்து வெயில், கீழேயிருந்து தார் உமிழும் அனல், பக்கத்துச் சுவரின் வெக்கை என்று எல்லாம் சேர்ந்து வருகின்றன. அவன் உடம்பு சொல்வதும் உண்மை, பேப்பர் சொல்வதும் உண்மை. அந்தக் கூண்டை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். கலங்கரை விளக்கங்கள் கட்டியவர். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. கதைப் புத்தகம் படிக்கிற பையன் என்றால் இதையும் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல். கிழக்கே அறுபது கிலோமீட்டர் தள்ளிப் பாளையங்கோட்டையில், மேற்கிலிருந்து வீசும் அதே மேல்காற்று வறண்டு போய்ப் புழுதியை அள்ளி வீசுகிறது. மலையேறும்போது ஈரத்தை எல்லாம் கேரளத்துப் பக்கமும் மலை முகட்டிலும் கொட்டிவிட்டு, இறங்கும்போது அழுந்திச் சூடேறி வருவதால் அப்படி. கத்திரி முடிந்தும் பாளையங்கோட்டைக்காரர்களுக்கு வெயில் முடியாததற்கு இதுதான் காரணம்.

பானைக்கு வருகிறேன். உங்கள் அம்மாவின் பானை குளிராததற்கு அந்த அழகான வர்ணம்தான் காரணம். மண்பானைத் தண்ணீர் குளிர்வது கசிவினால். கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக நீர் வெளிப்புறம் வந்து ஆவியாகிறது. ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. பத்து லிட்டர் பானையிலிருந்து 100 மில்லி ஆவியாகிப் போனால், வெளிச்சூடு உள்ளே ஏறாத பட்சத்தில், மீதித் தண்ணீர் ஐந்து, ஆறு டிகிரி செல்சியஸ் இறங்க வேண்டும். வெளியே பெயிண்ட் அடித்தால் துளைகள் அடைபட்டுவிடுகின்றன. அப்புறம் அது வெறும் பாத்திரம். பழைய பானையிலும் நாளடைவில் தண்ணீரின் உப்புப் படிந்து துளை தூர்ந்துபோகும். கோடைக்குக் கோடை புதுப்பானை வாங்கும் பழக்கம் அதனால் வந்தது. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்திலேயே காருக்குறிச்சி இருக்கிறது. நாகஸ்வரத்தால் உலகமறிந்த ஊர். மண்பாண்டத்துக்கும் பெயர் பெற்ற ஊர். வர்ணமில்லாத பானை ஒன்றை அங்கே வாங்கி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, ஈர மணல் மேல், காற்று வரும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மூடிய சமையலறை மூலையில் வைத்தால் எந்தப் பானையும் குளிராது. தூத்துக்குடியில் இருக்கும் உறவினர்கள், தங்கள் பானை இந்த அளவு குளிர்வதில்லை என்று சொன்னால் நம்புங்கள். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. ஆவி மெதுவாகத்தான் கிளம்பும்.

இனி உங்கள் மகன் சொன்னதற்கு வருகிறேன். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை என்கிறான். அந்த வெயிலை வைத்துத்தான் இந்தச் சீமை ஒரு வருடத்துக்கு வேண்டியதைச் சேர்த்து வைக்கிறது என்பதை அவனுக்கு யாராவது காட்ட வேண்டும். பிசானம் என்கிற மழைக்கால நெல்லின் அறுவடை முடிந்து வயல்கள் காலியாகக் கிடக்கின்றன, அவற்றில் ஆட்டுக்கிடை அமர்த்தியிருக்கிறார்கள், கார் சாகுபடிக்கு அணை திறக்க ஜூன் வர வேண்டும். வயலில் வேலை இல்லாத இந்த இரண்டு, மூன்று மாதம் வீடுகளிலும் உப்பளங்களிலும் பனங்காடுகளிலும்தான் வேலை நடக்கிறது.

ஆச்சியின் வத்தல் டப்பாக்களை அவன் திறந்து பார்க்கட்டும். சுண்டவத்தல், மிதுக்குவத்தல், சீனியவரை வத்தல், மோர் மிளகாய். மார்கழி மழையில் காய்கறி கிடைக்காத நாளில் குழம்பில் விழுவது எல்லாம் சித்திரை வெயில்தான். மோர் மிளகாயை அவன் ஆச்சியோடு சேர்ந்து போட வேண்டும். காம்பை விட்டுவிட்டு நடுவில் கீறி, உப்புப் போட்ட கெட்டி மோரில் இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். காலையில் மிளகாயைத் தனியே எடுத்துப் பாயில் பரப்ப வேண்டும். மோர்ச் சட்டியும் பக்கத்திலேயே வெயிலில் இருக்கும். சாயங்காலம் மிளகாயைத் திரும்ப அதே மோரில் போட வேண்டும். ஒவ்வொரு நாளும் மோர் குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் சட்டியில் மோரே இருக்காது. எல்லாம் மிளகாய்க்குள் போயிருக்கும். அதன் பிறகு கையில் எடுத்தால் சலசலவென்று விதை சத்தம் போடும்வரை காயவிட வேண்டும். பச்சையாக இருந்தது வெளிறி, மஞ்சள் ஓடி, கடைசியில் எலும்பு நிறத்துக்கு வருவதைத் தினமும் பார்க்கிற பையனுக்குப் பொழுது போகவில்லை என்ற பேச்சே வராது.

கூழ் வத்தலும் அப்படித்தான். விடியுமுன் காய்ச்சிய அரிசிக் கூழை, நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்றி வைப்பார்கள். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் ஒவ்வொன்றாக உரிந்து வரும். பாதி காய்ந்த வத்தலைக் காக்கைக்குக் காவல் இருக்கிறவன் தின்று தீர்ப்பது காவலுக்கான கூலி. அதை யாரும் தடுக்கக் கூடாது.

பதநீர் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அது மாசி, பங்குனியில் தொடங்கி ஆனி வரை ஓடும் பருவம். பனையேறி தளைநாரைக் காலில் மாட்டி, அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டி, காலையும் மாலையும் அதே மரத்தில் ஏறுகிறார். ஒவ்வொரு தடவையும் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவினால்தான் அடுத்த வேளைக்கு ஊறும். சீவாமல் விட்டால் அடைத்துக்கொள்ளும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார். அந்தச் சுண்ணாம்புதான் புளிக்காமல் காப்பது. அது இல்லாவிட்டால் இறங்குவது கள். ஆண் பனை, பெண் பனை இரண்டிலும் பதநீர் உண்டு. நுங்கு பெண் பனையில் மட்டும். பாளையைச் சீவிவிட்டால் அதில் நுங்கு வராது. எந்தப் பாளையைச் சீவுவது, எதை நுங்குக்கு விடுவது என்பதைப் பனையேறி தீர்மானிக்கிறார். விட்ட நுங்கு பழமாகி, விதை மண்ணில் புதைந்து, தைப் பொங்கலுக்குக் கிழங்காக வரும்.

நல்ல பதநீருக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். காலையில் மரத்தடிக்கே போங்கள். நான்குநேரி, திசையன்விளை, உடன்குடிப் பக்கம் இன்னும் அது நடக்கிறது. பச்சை ஓலையை மடித்துப் பட்டை பிடித்துக் கொடுப்பார்கள்; அதில் ஒரு நுங்கைச் சீவிப் போட்டுக் குடித்தால் அன்றைக்கு வேறு காலைச் சாப்பாடு வேண்டாம். மதியம் நெடுஞ்சாலையோரம் பிளாஸ்டிக் குடத்தில் நிற்பதை வாங்காதீர்கள். பதநீரின் ஆயுள் சில மணி நேரம்தான். பகல் முழுக்க மாறாமல் தித்திக்கிறது என்றால் அதில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது.

பக்கத்தில் கருப்பட்டி காய்ச்சும் விடிலி இருந்தால் எட்டிப் பாருங்கள். ஓலைக் கொட்டகைக்குள், வெளியே கத்திரி, உள்ளே அடுப்பு, பெரும்பாலும் பெண்கள்தான் நின்று காய்ச்சுகிறார்கள். பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோவை ஒட்டித்தான் கருப்பட்டி தேறும். கொதி பொங்கி வரும்போது இடித்த ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போடுவார்கள், அடங்கிவிடும். பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி வைப்பார்கள். அந்த வெக்கையில் கால் மணி நேரம் நின்று பார்த்தவர்கள் கருப்பட்டிக்கு விலை பேசமாட்டார்கள். சீனியைக் கலந்து காய்ச்சிய கருப்பட்டி பாதி விலையில் சந்தைக்கு வந்து, நேர்மையாகக் காய்ச்சுகிறவரை அடுப்பை அணைக்க வைக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் விஷயம். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். மரத்துக்கு அது நல்ல காரியம். ஏறுகிறவர் இல்லாமல் போனால் நிற்கிற மரத்தால் என்ன பயன்? அவர் பிள்ளை ஏற வரவில்லை; வரவேண்டும் என்று நாம் சொல்ல நியாயமும் இல்லை, அந்த உயிராபத்துக்கு ஏற்ற கூலியை நாம் கொடுக்காதவரை. உங்கள் மகன் ஒரு பட்டைப் பதநீர் வாங்கும்போது அவரைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டு, கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வரட்டும்.

ஆற்றில் குளிக்கப் போவான். போகட்டும். பொதிகை இரண்டு பருவமழையிலும் நனைவதால் இந்த மாதத்திலும் தாமிரபரணியில் கால் நனைக்க முடிகிறது. ஆனால் மலையில் கோடைமழை இடித்தாலோ, மேலே அணையில் திறந்துவிட்டாலோ இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறும். தாத்தா இல்லாமல் இறங்க வேண்டாம்.

கடைசியாக ஒரு நாள் அவனைக் கூந்தன்குளத்துக்கு அனுப்புங்கள். நான்குநேரி வட்டாரத்துக் கிராமம். 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்தில் மட்டுமல்லாமல் ஊருக்குள், வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. எச்சமும் மீன் நாற்றமும் முற்றத்தில் விழும். ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்க்கவும் செய்கிறார்கள். குஞ்சுகள் வளர்ந்து பறக்கப் பழகும் மாதங்கள் இவை. குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வற்றிவிட்டால் பறவைகள் சீக்கிரமே கிளம்பிவிடும். வெயில் தாழ்ந்து நாலரைக்கு மேல் போகட்டும், தொப்பி போட்டுக்கொண்டு போகட்டும். கூட்டுக்கு நேர் கீழே நிற்க வேண்டாம்.

அன்புடன்.